கவர் பிரிக்காத ராடு

அன்று சாயங்காலம் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், என் நண்பன் ஜெரால்டு, அவன் தங்கை ஷீபா, காவலாளி ஏகாம்பரம் அண்ணாத்தே. இல்லாதவர் ஒருவர்தான்: எங்கள் செயலாளர் ராபின்சன் சார். அண்ணன் மகள் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்தார். அவர் இடுப்பில் எப்போதும் தொங்கும் சாவிக்கொத்தும் அவரோடு கல்யாணத்துக்குப் போயிருந்தது.

நாங்கள் நால்வரும் மேசைமேல் கிடந்த ஒரு ரைஃபிளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். அதன் குழலுக்குள் பாதி வழியில் ஒரு பித்தளை முனையும் அதைச் சுற்றிய துணியும் மாட்டிக்கொண்டிருந்தன. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அன்று புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ரைஃபிளால்தான் ஷீபா மாநிலப் போட்டியில் சுட வேண்டும்.

"இன்னா மச்சான், வரமாட்டேங்குது?" என்றான் ஜெரால்டு, ஏதோ பஸ்ஸைப் பற்றி விசாரிப்பதுபோல.

ஷீபா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் ஜெரால்டுக்குப் பயம்.

சுட்ட பிறகு

போன வாரம் இந்தப் பத்தியில் நான் முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்ட கதையை எழுதியிருந்தேன். படித்தவர்கள் தோள் வலித்ததா, காது அடைத்ததா என்றெல்லாம் கேட்டார்கள். சுட்ட பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. சுட்ட பிறகு துடைப்போம். எங்கள் பொழுதில் பாதி அதிலேதான் போகிறது.

ஆவடியிலிருந்து முத்தாபுதுப்பேட்டை போகும் வழியில், கருவேல மரங்களுக்குப் பின்னால், ஒரு தகரக் கூரையும் ஒரு மண்மேடும்தான் எங்கள் கிளப். பேங்க் கிளார்க், பள்ளி வாத்தியார், ஃபேக்டரி ஆள் என்று கலந்து கட்டி இருப்போம். சொந்தத் துப்பாக்கி வைத்திருப்பவர் ரொம்பக் கம்மி. கிளப்பின் 'பாயிண்ட் டூ டூ' ரைஃபிள்களைத்தான் மாற்றி மாற்றிச் சுடுவோம். மெலிந்த குழல், சின்னத் தோட்டா. சுட்டு முடித்ததும் அவை ஆயுத அறைக்குள் போய்விட வேண்டும். அந்த அறைக்குப் பெயர் 'கோத்'. ஏழு மணிக்கு ஏகாம்பரம் அண்ணாத்தே அதைப் பூட்டுவார். போட்டிக்குத் தவிர, கிளப் கேட்டைத் தாண்டி ஒரு துப்பாக்கியும் வெளியே போகக் கூடாது.

ஷீபா சுடுவது மூன்றாம் நம்பர் ரைஃபிள். அதன் கட்டை அவள் கன்னத்துக்கென்றே செதுக்கியதுபோல உட்காரும். இரண்டு வருஷமாக அதைத் தவிர வேறெதையும் அவள் தொட்டதில்லை. திருமுல்லைவாயிலில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை. வேலை முடிந்து ரயில் பிடித்து வந்து, பாயில் குப்புறப்படுத்துச் சுட்டுவிட்டு, அடுத்த ரயிலில் திரும்பிப் போவாள். ஞாயிற்றுக்கிழமை தகுதிப் புள்ளி எடுத்துவிட்டால் தேசியப் போட்டிக்குப் போகலாம். எடுக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம். அடுத்த வருஷத்துக்குள் கல்யாணம் பண்ணிவிடுவோம் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு இந்த ஞாயிறுதான் ஞாயிறு.

ஒரு கம்பியில் இவ்வளவா

துப்பாக்கி சுட்டுக் கெடுவதைவிடத் துடைத்துக் கெடுவதே அதிகம் என்பது எங்கள் கிளப்பில் சேர்ந்த முதல் வாரமே தெரிந்துவிடும்.

குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும், காடி என்போம். தோட்டாவைச் சுழற்றி நேராக அனுப்புவது அதுதான். குழலின் வாய் விளிம்பு இன்னும் நுணுக்கம். அதில் ஒரு பக்கம் லேசாகத் தேய்ந்தாலும் தோட்டா வெளியேறும்போது ஒதுங்கிவிடும். அதனால் துடைக்கும் ராடை வாய்ப் பக்கமிருந்து விடக் கூடாது. தோட்டாவை உள்ளே பூட்டும் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமிருந்து விட வேண்டும். ராடின் நுனியில் ஒரு பித்தளை முனை. அதில் துணி வில்லையைக் குத்தி ஒரே தள்ளாகத் தள்ளி மறுபக்கம் விழவிட வேண்டும். வீடு பெருக்குவதுபோல முன்னும் பின்னும் இழுக்கும் வேலை கிடையாது.

ராடுகளில் பல ஜாதி. மூன்று துண்டாகத் திருகி மாட்டும் அலுமினிய ராடு மலிவு. பையில் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு பல். போகிற வழியெல்லாம் காடியைக் கடிக்கும். அலுமினியம் மெத்து என்பதால் மண் துகள் அதில் பதிந்துகொள்ளும். பிறகு அது ராடு இல்லை, உப்புத்தாள். ஒரே துண்டான எஃகு ராடு லேசில் வளையாது, தேவலை. அதன்மேல் வழவழப்பான பூச்சும், சுருளோடு சேர்ந்து சுழலும் கைப்பிடியும் இருந்துவிட்டால் அதற்கு மேல் கேட்பதற்கு ஒன்றுமில்லை.

அப்படி ஒரு ராடு எங்கள் கிளப்பில் இருந்தது. இரும்பு பீரோவுக்குள்.

நாங்கள் சேர்வதற்கு முன்பே பழைய உறுப்பினர்கள் எல்லோரும் காசு போட்டு, ராபின்சன் சார் துபாயில் இருக்கும் தன் மருமகனிடம் சொல்லி வரவழைத்தது. மான் படம் போட்ட நீளக் குழாயில், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு வெளியே வரும். துப்பாக்கிகளுக்கு வைப்பதுபோலவே கவர்மேல் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ராபின்சன் சார் ஓரமாக நின்று கண்ணை மூடி அவர் சாமியைக் கும்பிட்டுக்கொள்வார். பொங்கல் சாப்பிடுவோம். ராடு மறுபடி பீரோவுக்குள் போய்விடும். யாராவது உபயோகிக்கக் கேட்டால், "விலை தெரியுமாடே?" என்பார். அதோடு முடிந்தது.

நாங்கள் அலுமினிய ராடிலேயே துடைத்தோம்.

அம்மாவின் வளையல்

இதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. நான் நினைக்கவே வழியில்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லோடுமேன். கணக்கு டீச்சர் ஜியாமெட்ரி பாக்ஸ் வேண்டும் என்று சொன்னதும், அவர் சேக்காட்டிலிருந்து சைக்கிள் மிதித்துப்போய் கடையிலேயே உசத்தியானதை வாங்கி வந்தார். அம்மா அதைத் திறந்து பார்த்தாள். பளபளவென்றிருந்த காம்பஸைத் தொட்டுப் பார்த்தாள். மூடினாள். புடவை அலமாரியில் வைத்துவிட்டாள். இத்தனை நல்ல சாமானைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனால் எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்பது அவள் கட்சி. வட்டம் போட வேண்டுமே என்று அழுததற்குக் கையிலிருந்த வளையலைக் கழற்றிக் கொடுத்தாள்.

வருஷம் முழுவதும் என் நோட்டில் எல்லா வட்டத்துக்கும் ஒரே ஆரம். நான்கு சென்டிமீட்டர் என்று கணக்கு கேட்டாலும் வளையல், ஆறு என்று கேட்டாலும் வளையல். டீச்சர் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் ஆரம் மாறாதா?" என்று கேட்டார். வளையலை எடுத்துக் காட்டினேன். சிரித்துவிட்டு மதிப்பெண் போட்டார்.

பாலிடெக்னிக் சேர்ந்த அன்று அம்மா தானே அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். திறந்தேன். ரப்பர் உருகி மூலைமட்டத்தோடு ஒட்டிப்போயிருந்தது. காம்பஸ் விரியவில்லை.

இப்போது நான் எஸ்டேட்டில் தர ஆய்வாளர். சட்டைப் பையில் வெர்னியர் அளவுகோல் இல்லாமல் வெளியே இறங்குவதில்லை. எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதே என்று வேலையில் நாள் முழுக்கச் சொல்கிறேன். ஆனாலும் பீரோவுக்குள் இருந்த அந்த ராடை ஒருநாளும் அளந்து பார்க்கத் தோன்றியதில்லை. கும்பிடுகிற சாமானை யார் அளப்பார்கள்?

பனியன் வேஸ்ட்

ஜெரால்டுக்கும் அவன் அத்தானுக்கும் எஸ்டேட் ஓரத்தில் சின்ன லேத் பட்டறை. கடையில் காசு கொடுத்து எதையும் வாங்குவது அங்கே மானப் பிரச்சினை. எந்தப் பொருளைப் பார்த்தாலும், "இத்த நம்பளே போட்றலாம்" என்பான். அலுமினிய ராடின் மரை தேய்ந்து ஆட ஆரம்பித்ததும் ஷீபா முணுமுணுத்தாள். அவன் பட்டறையில் உட்கார்ந்து ஐந்து மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பியில் ஒரு ராடு செய்துவிட்டான். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ். கைப்பிடி சுழல்வதற்கு ஒரு பழைய ஃபேன் பேரிங். உண்மையாகவே நல்ல ராடு. அன்று மாலை அதைத்தான் பெருமையாகக் கொண்டுவந்திருந்தான்.

தப்பு ராடில் இல்லை. துணியில்.

பட்டறைக்காரர்களுக்கு உலகத்தில் துணி என்றால் ஒன்றுதான்: பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பின்னலாடைத் துண்டுகள். கை துடைக்க, மெஷின் துடைக்க, டீ கிளாஸ் பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ராடு துடைக்க வந்த துண்டிலேயே ஒரு பிட்டைக் கிழித்துப் பித்தளை முனையில் மடித்துச் சுற்றினான் ஜெரால்டு. குழந்தை பனியன் துண்டு. அதில் அச்சடித்த மஞ்சள் வாத்து ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. மெல்லிய பருத்தித் துணி என்றால் அமுங்கும். பின்னல் துணி இழுத்தால் நீளும், தள்ளினால் சுருண்டு பருக்கும். பாதிக் குழலில் அது தக்கைபோல உட்கார்ந்துவிட்டது.

தள்ளினோம். ராடு வில்லாக வளைந்தது. நானும் பிடித்துத் தள்ளினேன். இன்னும் வளைந்தது. பிறகு ஜெரால்டு திருகி இழுத்தான். திருகிய திசை தப்பு. ராடு மட்டும் ஜம்மென்று வெளியே வந்தது. மரை கழன்ற முனை வாத்தோடு உள்ளேயே தங்கிவிட்டது.

இதுதான் நாங்கள் நால்வரும் மேசையைச் சுற்றி நின்ற கதை.

வேறொரு கம்பி செய்து எடுத்துவருகிறேன் என்றான் ஜெரால்டு. ஷீபா அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நீ இன்னொரு இரும்ப எட்துகினு இதுகிட்ட வந்த, கைய ஒடச்சிடுவேன். பீரோல ஒரு ராடு கீதுல்ல? அது நேராத்தான கீது?"

ஏகாம்பரம் அண்ணாத்தே பீரோவைப் பார்த்தார். அதில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். படித்தவன் என்பதால் இந்த மாதிரி போன்களை நான்தான் பேச வேண்டும்.

நாகர்கோவில் போன்

கல்யாண வீட்டு நாதஸ்வரத்துக்கு நடுவே ராபின்சன் சார் எடுத்தார். நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. பூட்டை உடைக்கலாமா என்றேன். நெடுநேரம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது.

"உடைங்கடே," என்றார் கடைசியில். "ஆனா கவரைப் பிரிக்காண்டாம், கேட்டியா?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஜெரால்டு குனிந்து, "சார், கவரோட எப்டி சார் உள்ள வுட்றது?" என்றான்.

மறுபடி நாதஸ்வரம். "சரி, பிரிங்க. பிரிச்சுட்டு எனக்குப் போன் போடு."

பூட்டை உடைக்கும் உரிமையை ஏகாம்பரம் அண்ணாத்தே யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் காவல் காத்த பூட்டு. "இத்தினி நாளா உன்ன நான் பாத்துகினேன் நைனா, இன்னிக்கி நீ என்ன பாரு," என்று அதனிடம் சொல்லிவிட்டு ஒரே அடி.

பல வருஷத்துக் குங்குமம் காய்ந்திருந்த கவரை ஷீபா பிளேடால் கீறினாள். ராடு வெளியே வந்தது. கறுப்பு. நேரென்றால் அப்படி ஒரு நேர். கைப்பிடியைச் சுண்டினால் நிற்காமல் சுழன்றது. நாங்கள் எல்லோரும் ஒரு நிமிஷம் மரியாதையாக நின்றோம்.

ஷீபா அதை மூன்றாம் நம்பரின் பின்பக்கம் கொண்டுபோனாள். அது நுழையவில்லை. திருப்பிப் பிடித்தாள். நுழையவில்லை.

நான் சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்தேன். ஏழு மில்லிமீட்டர். துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஏழுதான். எங்கள் குழலின் துவாரமே ஐந்தரைதான். அது பெரிய துப்பாக்கிக்கான ராடு. எங்கள் கிளப்பில் இருக்கும் எந்தத் துப்பாக்கிக்குள்ளும் அது போகாது. எந்தக் காலத்திலும் போயிருக்காது.

ஜெரால்டு தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். ஏகாம்பரம் அண்ணாத்தே ராடை வாங்கிப் பார்த்து, "குச்சி நல்லா கீது, நாய் தொரத்த ஆவும்," என்றார். ஷீபா சிரிக்கவில்லை. அவள் குழலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாருக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே, "எவ்வளவுடே இருந்தது?" என்றார்.

"ஏழு, சார்."

"ஆமா," என்றார். "ஏழுதான்."

அவருக்குப் பார்சல் வந்த அன்றே தெரியும்.

பித்தளை

அன்றிரவு ஷீபா தூங்கியிருக்க மாட்டாள். காலையில் மருந்துக்கடையிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். பாட்டில் கழுத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டால் குத்தி உள்ளே தள்ளமாட்டார்களாம், முதலில் ஊறவிடுவார்களாம். "தினா அண்ணா, குழலவுட மெத்தான கம்பி எதுனா கீதா? தோத்தாலும் கம்பி தோக்கணும், குழல் தோக்கக் கூடாது."

எங்கள் ஆய்வு மேசையில் மெருகு ஏற்றிய பாகங்களைத் தட்டிக் கழற்றுவதற்குப் பித்தளைக் கட்டைதான் வைத்திருப்போம். தினமும் கையில் பிடிப்பது. அவள் கேட்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை.

அம்பத்தூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஐந்து மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வாங்கினேன். இம்முறை காசு கொடுக்கும் முன்பே அளந்தேன். ஜெரால்டு அதன் நுனியைத் தட்டையாக்கி, ஓரங்களை மழுக்கினான். குழல் வாயில் தொப்பிபோல மாட்ட ஒரு நைலான் புஷ் கடைந்தான். கம்பி விளிம்பில் உரசாமல் நடுவில் போவதற்கு. வந்த வழியே திருப்பித் தள்ள வேண்டியதால், வாய்ப் பக்கமிருந்து விடக் கூடாது என்ற விதியை ஒரு தடவை மீற வேண்டியிருந்தது. மீறினாலும் மரியாதையோடு மீறினோம்.

அன்று மாலை இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டுக் குழலை ஊறப்போட்டோம். ஏகாம்பரம் அண்ணாத்தே அதைக் கோத்தில் வைத்துப் பூட்டும்போது, "பிரசவ வார்டு மாதிரி கீது," என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். துண்டு சுற்றி ரைஃபிளைப் பலகையில் கட்டினோம். ஜெரால்டு தள்ளப் போனான். ஷீபா அவன் கையிலிருந்து கம்பியை வாங்கினாள். குழல் வாயில் புஷ்ஷை மாட்டி, கம்பியை விட்டு, அது போய் முட்டியதும் மரச்சுத்தியால் மெல்லத் தட்டினாள். காதைக் குழலருகே வைத்துக் கேட்டாள். மறுபடி தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் கம்பியில் நான் போட்டிருந்த பேனாக் கோட்டைப் பார்த்தேன். நகரவில்லை. நகரவில்லை. பிறகு ஒரு நூலளவு நகர்ந்தது.

"போவுது," என்றேன்.

"தெரீது. பேசாத."

பின்பக்கம் ஜெரால்டு உள்ளங்கையை ஏந்திக்கொண்டு முட்டிபோட்டிருந்தான். கொஞ்ச நேரத்தில் பொத்தென்று அவன் கையில் விழுந்தது. எண்ணெயில் ஊறிக் கறுத்த துணியை விரித்தான். வாத்து இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஷீபாவும் சிரித்தாள். அண்ணன் தலையில் மரச்சுத்தியால் லேசாக ஒரு தட்டு தட்டினாள்.

பல்பை நோக்கிக் குழலைத் தூக்கிப் பார்த்தோம். காடிகள் முழுசாக, சுழன்று சுழன்று மின்னின. மிச்சத் துடைப்பு என் அப்பாவின் பழைய வேட்டியில் வெட்டிய வில்லைகளால் நடந்தது. துவைத்துத் துவைத்துக் கொசுவலைபோல ஆன வேட்டி. அதைவிட நல்ல துணியை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஞாயிறும் திங்களும்

சுத்தமாகத் துடைத்த குழல் முதல் சில தோட்டாக்களை அங்குமிங்கும் எறியும். லேசாக அழுக்குப் பிடித்த பிறகுதான் நிதானத்துக்கு வரும். அதனால் ஷீபா சனிக்கிழமையே வந்து அதை அழுக்காக்கினாள். ஞாயிற்றுக்கிழமை போட்டி மைதானத்தில் கடைசித் தோட்டாவரை நாங்கள் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். ஜெரால்டு புள்ளி காட்டும் திரையைப் பார்க்கவே இல்லை. தங்கையின் முதுகை மட்டும் பார்த்தான். அவள் எழுந்து, தோள்வாரைக் கழற்றி, இரண்டு விரலைக் காட்டினாள். தகுதிப் புள்ளிக்கு மேல் இரண்டு.

திங்கட்கிழமை ராபின்சன் சார் கல்யாண லட்டுப் பெட்டியோடு வந்தார். பூட்டில்லாத பீரோவைப் பார்த்தார். யாரும் கேட்காமலே சொன்னார். பார்சல் வந்த அன்று எல்லோரும் கைதட்டினார்களாம், மிக்சர் வாங்கி வைத்திருந்தார்களாம். வீட்டுக்குப் போய்ப் பில்லைப் பார்த்தபோதுதான் அளவு எண் தப்பு என்று தெரிந்ததாம். கைதட்டியவர்களிடம் எப்படிச் சொல்வது? "நீங்க வருஷா வருஷம் குங்குமம் வைக்கும்போது, நான் பக்கத்துல நின்னு, ஆண்டவரே இதை ஒருத்தனும் திறந்திரக் கூடாதுன்னுல்லா ஜெபம் பண்ணுவேன்."

ஜெரால்டு லட்டை வாயில் வைத்துக்கொண்டே, "உங்க ஜெபம் இத்தினி நாளு வேல செஞ்சிது சார், எங்க வாத்துதான் கெடுத்துடுச்சி," என்றான். ராபின்சன் சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பெரிய துப்பாக்கி சுடுகிற யாருக்காவது அதைக் கொடுத்துவிட்டுச் சரியான ராடு வாங்கித் தருவது தன் பொறுப்பு என்றார். ஷீபா ஒரு நிபந்தனை போட்டாள்: வந்த அன்றே கவரைப் பிரிக்க வேண்டும்.

பிறகு செலவு எவ்வளவு என்று சார் பர்ஸை எடுத்தார். ஏகாம்பரம் அண்ணாத்தே புதுப் பூட்டுக்கும் சேர்த்துக் கேட்கச் சொல்லி எனக்குக் கண் காட்டினார். ஷீபா அதைப் பார்த்துவிட்டாள். "பூட்டு வாணாம் அண்ணாத்தே," என்றாள்.

ஆக, பூட்டு வாங்கவில்லை. பித்தளைக் கம்பிக்கும் எண்ணெய்க்குமாக, மொத்தம் இருநூற்று எழுபது ரூபாய்.